டீலர் உங்களோடு ஆடுவதில்லை: லைவ் பிளாக்ஜாக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை அறுவடை முடிந்த நேரம். மன்னார்குடி பக்கத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்திருந்தோம். தம்பி கையில் போன். திரையில் பச்சை மேசை, அதன் பின்னால் ஒரு பெண் பெட்டியிலிருந்து சீட்டை உருவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று கை வரிசையாகத் தோற்றதும் தம்பி சொன்னான்: "அண்ணே, இந்தப் பொண்ணு கைராசி சரியில்ல. டேபிள மாத்துறேன்."

நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. உள்ளே வெளியே பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சீட்டு போடுகிறவர் எதிராளியாகத்தான் தெரிவார். பிளாக்ஜாக் என்பது 21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் சேர்க்கும் ஆட்டம், தாண்டினால் தோல்வி. ஆனால் இதில் டீலர் எதையும் தீர்மானிப்பதில்லை. 16 வரை இருந்தால் அவர் எடுத்தாக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியாக வேண்டும் (ஏஸை 11 என்று எண்ணி வரும் 17க்கு மட்டும் சில மேசைகளில் இன்னொரு சீட்டு உண்டு). எங்கோ ஒரு ஸ்டுடியோவில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறவர் அவர். அவர் போடும் சீட்டைக் கேமரா படித்துக் கணினிக்குச் சொல்லிவிடும். யோசிக்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான், அதற்கும் கொஞ்சம் விநாடிகள்தான் தருவார்கள். பக்கத்து இருக்கைக்காரன் "என் சீட்டை எடுத்துட்டான்" என்று திட்டுவதும் இதே ரகம். அவன் எடுத்தது உங்களுக்கு எத்தனை முறை கெடுதலோ அத்தனை முறை நல்லது.

அன்றைக்கு நான் பார்த்த ஒரு கை. தம்பியிடம் பத்தும் ஆறும், மொத்தம் 16. டீலர் திறந்து காட்டிய ஒரே சீட்டு 7. எடுத்தால் 21ஐத் தாண்டிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டான். பயத்தில் நியாயம் உண்டு: ஆறு முதல் ராஜா வரை எது வந்தாலும் போச்சு (ஜாக், ராணி, ராஜா மூன்றுக்கும் பத்து மதிப்பு), அதாவது 13இல் 8 வாய்ப்பு. ஆனாலும் நிறுத்துவதுதான் தப்பு. 100 ரூபாய் வைத்த இடத்தில், நிறுத்தினால் சராசரியாகச் சுமார் 48 ரூபாய் போகும், எடுத்தால் சுமார் 41. இரண்டுமே நஷ்டம், குறைந்த நஷ்டத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆட்டம். அதே 16க்கு எதிரே டீலர் 6 காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், அவர் 21ஐத் தாண்டிவிட நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் வாய்ப்பு. இதையெல்லாம் ஒரே அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், 'அடிப்படை உத்தி' என்று பெயர். எட்டு எட்டு வந்தால் இரண்டு கையாகப் பிரி, பத்து பத்தைப் பிரிக்காதே, ஏஸும் ஆறும் வந்தால் 17 ஆச்சு என்று நிறுத்தாதே. அட்டவணையை அப்படியே பின்பற்றினால் நல்ல விதிகள் உள்ள மேசையில் வைத்த பணத்தில் காசினோவுக்கு நிற்பது சுமார் அரை சதவீதம். நிற்பது அவர்களுக்குத்தான், உங்களுக்கில்லை.

அப்புறம் இன்சூரன்ஸ். டீலர் ஏஸ் காட்டியதும் திரையில் அந்த வார்த்தை வரும். பயிர்க் காப்பீடு கட்டிப் பழகிய நமக்கு மறுக்க மனசு வராது. 500 வைத்தவர் இன்னொரு 250 கட்ட வேண்டும், டீலரின் அடுத்த சீட்டு பத்து மதிப்புள்ளதாக இருந்தால் 500 கிடைக்கும். பத்து மதிப்புச் சீட்டுகள் 13க்கு 4. ஆக 13 முறை கட்டினால் 2,000 வந்து 2,250 போகும். பேர்தான் இன்சூரன்ஸ், அது தனி பந்தயம்.

மேசையில் உட்காரும் முன், பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும்) வந்தால் என்ன தருவார்கள் என்று பாருங்கள். மூன்றுக்கு இரண்டு என்றால் 500க்கு 750, ஆறுக்கு ஐந்து என்றால் 600தான். சைடு பெட் எனும் கூடுதல் பந்தயம் வேண்டவே வேண்டாம். போன சீட்டுகளை எண்ணி மீதியைக் கணிக்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலான லைவ் மேசைகளில் எட்டுக் கட்டைச் சேர்த்துப் போட்டு, ஏறக்குறைய பாதியிலேயே மாற்றிவிடுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் எண்ணியது வீண்.

தோற்றால் இரட்டிப்பு வைப்பது எல்லா ஊர்ச் சூதாட்டத்திலும் உண்டு. 100இல் ஆரம்பித்து ஏழு கை தோற்றால் 12,700 காலி, எட்டாவது கைக்கு 12,800 வேண்டும். அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே நிற்கும்.

தளம் தரும் போனஸ் இதைவிடப் பெரிய பொறி. 5,000 போனஸ், அதை எடுக்கும் முன் 30 மடங்குக்குப் பந்தயம் வைத்து ஆட வேண்டும் என்றால் ஒன்றரை லட்சம். சரி, ஆடிவிடலாம் என்று தோன்றும். சின்ன எழுத்தில் 'பிளாக்ஜாக் 10 சதவீதம் மட்டும் கணக்கில் வரும்' என்று இருந்தால் அது 15 லட்சம். பிசகே இல்லாமல் ஆடினாலும் அரை சதவீதக் கணக்கில் 7,500 போகும், 5,000 வாங்குவதற்காக.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய தவறு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்தில் ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும், வங்கிகள் அவற்றுக்குப் பணம் கடத்தித் தருவதையும் தடை செய்கிறது. அதனால்தான் இந்தத் தளங்கள் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணைக் கொடுத்து அதில் போடச் சொல்கின்றன. நீங்கள் ஜெயித்ததும் அதே மாதிரிக் கணக்கிலிருந்துதான் வரும்.

தம்பிக்கு ஒருநாள் 8,000 வந்தது. தெருவுக்கே சொன்னான். சில வாரம் கழித்து அவனுடைய வங்கிக் கணக்கு முடங்கியது. அந்தப் பணம் வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாம், பணத்தை இழந்தவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணமும் அதே கணக்கில் வந்து விழுந்து கிடந்தது, எடுக்க வழியில்லை. தாளடிக்கு நாற்று தயாராக நின்றது. சித்தி தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் நடவு ஆட்களுக்குக் கூலி கொடுத்தார்.