பழைய கார்புரேட்டர் காருக்கு இக்னிஷன் டைமிங் வைப்பது எப்படி?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் உள்ள மாருதி 800 வைத்திருப்பவர்கள் ஒரு டைமிங் லைட்டும் (பிளக்கில் பொறி விழும்போது மின்னும் விளக்கு) வைத்திருப்பது நல்லது. காதால் கேட்டே டைமிங் வைக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. ஆனாலும் லைட் காட்டும் துல்லியம் காதுக்கு வராது என்றே நினைக்கிறேன்.

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் கலவை முழுவதும் அந்த நொடியே எரிந்துவிடாது. தீ பரவக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில டிகிரி முன்பே பொறி விழ வேண்டும். ஒரு மில்லி விநாடியில் க்ராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எவ்வளவு திரும்பும்? 900 ஆர்பிஎம்மில் சுமார் 5 டிகிரி, 3000-இல் 18 டிகிரி. அதாவது வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகள் அதைப் பார்த்துக்கொள்ளும். நாம் சரிசெய்வது ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, உள்ள தொடக்க அளவை மட்டும்தான்.

டைமிங் பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், மைலேஜ் அடிவாங்கும். அளவுக்கு மீறி முந்தினால் மேடு ஏறும்போது எஞ்சின் தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

சரி, வேலைக்கு வருவோம்.

1. எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு அணையுங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுமுனை) உள்ள வண்டியானால் முதலில் அதன் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்யுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண்.

2. க்ராங்க் புல்லியிலோ ஃப்ளைவீலிலோ டைமிங் குறி இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சாக்பீஸால் குறியை வெள்ளையாக்குங்கள்.

3. லைட்டின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை பேட்டரியில் மாட்டி, கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் பொருத்துங்கள். கையேடு சொன்னால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை (மெல்லிய ரப்பர் குழாய்) கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்கள்.

4. ஸ்டார்ட் செய்து, ஐடில் சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் எடைகள் விரியத் தொடங்கிவிடும், அளவு பொய்யாகும். இப்போது குறியின் மேல் லைட்டை அடியுங்கள். முதல் சிலிண்டரின் ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை லைட் மின்னுவதால், சுற்றும் புல்லி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். ஃபேனும் அப்படித் தோன்றலாம். நின்றுவிட்டதாக நம்பிக் கையை நீட்டிவிடாதீர்கள். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம்.

5. கையேடு சொல்லும் டிகிரியிலிருந்து குறி தள்ளி இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, அதன் உடலை மயிரிழை அளவு திருப்புங்கள். உள்ளே சுழலும் ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். முறுக்கும்போது நகர்ந்துவிடும் என்பதால், போல்ட்டை இறுக்கிய பின் மறுபடி லைட் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். குறி சீராக நகர வேண்டும். நகராவிட்டால் எடையோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கிறது. கழற்றிய ஹோஸை மாட்ட மறக்காதீர்கள்.

வால்வு டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், தனி விஷயம். அதை ஓட்டுவது பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் செயின். மாருதி 800-இல் ரப்பர் பெல்ட். பெல்ட்டைக் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். எண்ணெய் பட்டிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ கெடு வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள், டென்ஷனரையும் சேர்த்தே.