தெர்மோஸ்டாட் மாற்றும்போது ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள்

வீட்டு ஹீட்டரையும் ஏசியையும் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவிதான் தெர்மோஸ்டாட். அதை மாற்ற, முதலில் பிரேக்கரை அணையுங்கள். மூடியைக் கழற்றியதும், ஒயரைத் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ. எந்த ஒயர், அது மாட்டும் இடத்தில் அச்சிட்ட எந்த ஆங்கில எழுத்தில் (R, W, Y போல) மாட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம், நிறம் அல்ல. முன்பு மாட்டியவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கலாம். ஒவ்வொன்றிலும் எழுத்தைக் குறித்து டேப் ஒட்டிவிடுங்கள்.

பொதுவாக ஆர் என்பது 24 வோல்ட் மின்சாரம் வரும் ஒயர், டபிள்யூ ஹீட்டருக்கு, ஒய் குளிரூட்டும் கம்ப்ரஸருக்கு, ஜி ஃபேனுக்கு. ஹீட் பம்ப் (ஒரே கருவி சூடும் குளிரும் தருவது) என்றால் ஓ அல்லது பி-யும் இருக்கும்.

வைஃபை மாடல்கள் பலவற்றுக்குச் சி ஒயர் (தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்க உதவும் பொது ஒயர்) வேண்டும். பழையதில் சி காலியாக இருந்தால், சுவருக்குள் மடித்துவிட்ட உபரி ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் இருக்கும். அதை இங்கே சி-யில் மாட்டுவதோடு, அதன் மறுமுனையை ஹீட்டருக்குள் உள்ள கட்டுப்பாட்டு போர்டிலும் சி-யில் மாட்ட வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆர் ஒயர் சி-யில் உரசினால் போர்டில் உள்ள ஃப்யூஸ் போய்விடலாம், அதனால் அங்கும் மின்சாரம் அணைந்திருக்கட்டும்.

அப்புறம், மெல்லிய ஒயர்களுக்குப் பதில் இரண்டோ நான்கோ தடித்த ஒயர்கள் இருந்தால் அது 120 அல்லது 240 வோல்ட்டாக இருக்கலாம். 24 வோல்ட் மாடலை அதில் மாட்டவே கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.