விரல் மரத்தால் அது சக்தி இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் கப்பன் பார்க் போனால் மூங்கில் புதர் ஓரமாக நாலு பேராவது கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் யோகப் பயிற்சி, செய்துகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒருநாள், "தம்பி, விரலெல்லாம் ஜிவ்வுனு இருக்கு, சக்தி ஏறுது பாரு" என்றார்.

ஏறியது சக்தி இல்லை. வேகமாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். உடம்பு நிறுத்தச் சொல்கிறது, நாம் அதை அனுபவம் என்று நினைத்து இன்னும் வேகமாக ஊதுகிறோம்.

இத்தனைக்கும் கபாலபாதி ஹடயோகத்தின் ஆறு சுத்திகரிப்பு முறைகளில் ஒன்று. மனசை அடக்க அதில் உட்கார்வதே முதல் தவறு. அடுத்தது தோளைக் குலுக்குவது. அடிவயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வெளியேற்றுவது மட்டும்தான் நம் வேலை, உள்ளே வருவது தானாக வரும். ரத்த அழுத்தம், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம். அடிக்கடி படபடப்பு வருகிறவர்களுக்கும் வேக மூச்சு ஆகாது. பதற்றத்தில் ஏற்கெனவே அப்படித்தானே மூச்சு வாங்குகிறது?

சரி, ஒரு மூக்கு மாற்றி இன்னொரு மூக்கில் மூச்சு விடும் நாடி சுத்தி? அங்கே கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். திருமூலர் சொன்னது பதினாறு மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டு விடுவது. முதல் வாரமே அறுபத்து நாலுக்குத் தம் கட்டினால் முகம் சிவக்கும், அவ்வளவுதான். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். நிறுத்துவதைப் பிறகு, சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சீதளி என்ற மூச்சுப் பயிற்சி பித்தத்தைத் தணிக்கும் என்பார்கள். ஆனால் நாக்கைச் சுருட்டி வாய் வழியாக இழுக்கும்போது, காற்றைச் சூடாக்கி வடிகட்டும் மூக்குக்கு வேலையே இல்லை. டிசம்பர் மாத பெங்களூர்க் குளிரில், மெயின் ரோட்டைப் பார்த்த பால்கனியில் அதைச் செய்தால் தொண்டைதான் கட்டும். ஆஸ்துமா இருந்தால் விட்டுவிடுங்கள்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "இப்போதுதான் பிராணாயாமம் இருக்கிறதே" என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம்.

வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அண்ணன் இப்போது நாடி சுத்தியோடு நிறுத்திக்கொள்கிறார். ஃபில்டர் காபி அதற்கு அப்புறம்தான் என்றதற்குத்தான் இன்னும் முணுமுணுக்கிறார்.