ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த கிரேடு ஆயில் போடுவது?

நண்பன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் மஸ்டாங் ஜிடி வாங்கினான். ஐந்து லிட்டர் வி8. வாங்கிய வாரமே ஆயில் மாற்றப் போகிறேன் என்று 20டபிள்யூ-50 கேன்களைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். மெக்கானிக் சொன்னாராம்: "தம்பி, அந்த 5டபிள்யூ-20 எல்லாம் நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஓடிடும், கெட்டியாப் போடுங்க." பழைய புல்லட்டுக்கும் அம்பாசடருக்கும் ஊற்றிப் பழகிய கை அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேனைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: மூடியையும் மேனுவலையும் பாருங்கள்

பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல கார்களில் கிரேடு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அதோடு நிறுத்திவிடாமல் மேனுவலில் ஆயில் பக்கத்துக்குப் போய், வேறு கிரேடுக்கு அனுமதி உண்டா, ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் தவற விடுகிறோம்.

கார் பெயரை மட்டும் வைத்து நெட்டில் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். மஸ்டாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் வந்த சாதாரண ஜிடிக்கு 5டபிள்யூ-20. அதே ஐந்து லிட்டர் இன்ஜின் குடும்பத்தில், 7500 ஆர்பிஎம் வரை சுழல்கிற மாதிரி தயார் செய்த பாஸ் 302 என்ற மஸ்டாங்குக்கு 5டபிள்யூ-50. அதனால் மாடல், வருடம், இன்ஜின் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது: பாட்டிலில் உள்ள எண்களைப் படிப்பது

டபிள்யூ என்றால் வெயிட் இல்லை, விண்டர். அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் இன்ஜின் சுலபமாகச் சுழலுமா என்பதைச் சொல்கிறது. 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியில் சோதிப்பார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30-ல், 0டபிள்யூவை மைனஸ் 35-ல். ஊட்டியில் உறைபனி விழுகிற காலையில்கூட பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆக இந்த எண்ணை வைத்து நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சின்ன எண்ணாக இருந்தால் கெடுதலும் இல்லை.

பின்னால் இருக்கும் எண்தான் விஷயம். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது அது. சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) கணக்கில் 20 என்றால் 6.9 முதல் 9.3-க்குள், 30 என்றால் 12.5-க்குள், 40 என்றால் 16.3-க்குள், 50 என்றால் 21.9-க்குள், 60 என்றால் 26.1-க்குள். 0டபிள்யூ-40, 10டபிள்யூ-40 இரண்டும் சூடான இன்ஜினுக்குள் ஒரே வரம்புக்குள்தான் வரும். "0டபிள்யூ என்றால் லேசு" என்பது வெறும் பேச்சு.

தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டுப் பார்த்திருப்பீர்கள். கல் ஆறியிருக்கும்போது விட்ட இடத்திலேயே நிற்கும், சூடு ஏறியதும் சரசரவென்று ஓடும். இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு 0டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில் 40 டிகிரியில் 75 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும், 100 டிகிரிக்கு வந்தால் 13 சொச்சம், 120-ல் ஒன்பதுதான். அந்த 120 டிகிரியில் அது, 20-க்கும் 30-க்கும் நடுவே இருக்கும் எல்லைக்கே இறங்கிவிடுகிறது, கவனித்தீர்களா? இன்னொன்று: சென்னை வெயிலில் கேனிலிருந்து ஊற்றுகிற 5டபிள்யூ-20, சூடான இன்ஜினுக்குள் ஓடும் 20டபிள்யூ-50-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. ஆக விரலில் தொட்டுத் தேய்த்து "தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

மூன்றாவது: ஆயில் சூட்டை அளப்பது

வெயில் நம் தலையில்தான் அடிக்கிறது, பேரிங்கில் இல்லை. சாலையில் ஓடும்போது தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்தில் பிடித்து வைத்திருக்கும், ஆயில் 90-லிருந்து 110-க்குள் நிற்கும். மியூனிக் குளிரானாலும் வேலூர் சித்திரை வெயிலானாலும் பெரிய வித்தியாசம் வராது. உண்மையில் ஆயிலைக் கொதிக்க வைப்பது உங்கள் வலது கால்.

டேஷ்போர்டில் நடுவில் நிற்கிற முள் பெரும்பாலும் கூலன்ட்டுக்கு உரியது, அதை ஆயில் சூடு என்று நினைக்காதீர்கள். காரில் ஆயில் சூடு தனியாகத் தெரிந்தால் நல்லது. இல்லையென்றால் ஓபிடி கருவி, அதாவது காரின் கம்ப்யூட்டரில் செருகி அதன் எண்களைப் படிக்கும் சாதனம். சில கார்களில் சென்சாரே இருக்காது, கம்ப்யூட்டர் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுக் காட்டும், அப்போது ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் வைத்து ஒரு சென்சார் மாட்டிக்கொள்வதுதான் வழி. நண்பன் மாட்டினான். ஈசிஆரில் 102-ஐத் தாண்டவில்லை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில், ஒரு சுற்றே 3.7 கிலோமீட்டர், நாலாவது சுற்றில் 127.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: 110 வரை என்றால் மேனுவல் சொன்னதை மாற்றவே வேண்டாம். அடிக்கடி 120, 130 தொட்டால், மேனுவல் அனுமதிக்கிறதா என்று பார்த்து ஒரு கிரேடு ஏறலாம். 135-ஐத் தாண்டினால் ஆயிலை மாற்றி ஏமாற்றிக்கொள்ளாதீர்கள், அது ஆயில் கூலர் போட வேண்டிய கேஸ்.

கம்பெனிகளே இப்படித்தான் போகிறார்கள். செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான ஏழாம் தலைமுறை கார்வெட்டின் மேனுவல் தினசரி ஓட்டத்துக்கு 5டபிள்யூ-30, ட்ராக் நாளுக்கு 15டபிள்யூ-50, முடிந்து வந்ததும் மறுபடி 5டபிள்யூ-30 என்றது. ட்ராக் போகும்போதெல்லாம் இரண்டு முறை ஆயில் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்? 2019-ல் இரண்டுக்கும் சேர்த்து 0டபிள்யூ-40 ஆக்கிவிட்டார்கள்.

"அப்படியானால் கெட்டியாகவே போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். தேவைக்கு மேல் கெட்டியானால் ஆயில் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலில் ஒரு பகுதி பேரிங் பக்கம் போகாமலே திரும்பிவிடும். மீட்டரில் பிரஷர் ஜம்மென்று காட்டும், ஓட்டம் குறைவாக இருக்கும். இப்போதைய இன்ஜின்களில் வால்வு டைமிங்கையே ஆயில் அழுத்தம்தான் நகர்த்துகிறது, அதுவும் சோம்பிப் போய் செக் இன்ஜின் விளக்கு எரியலாம். பிஎம்டபிள்யூ இ46 எம்3-க்கு 10டபிள்யூ-60 என்றால், 8000 ஆர்பிஎம் தொடுகிற அந்த இன்ஜினுக்காகச் சொன்னது. அதைப் பார்த்து 0டபிள்யூ-20 கேட்கிற டொயோட்டா 86-ல் கொண்டுபோய் ஊற்றக் கூடாது. அந்த எம்3-யில் ஒரு அழகான விஷயம், ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். கெட்டி ஆயிலை ஆறின நிலையில் முறுக்காதே என்று காரே சொல்கிறது.

நான்காவது: பாட்டிலின் பின்பக்கம்

ஒரே கிரேடு என்றால் ஒரே ஆயில் இல்லை. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்குவது போன்ற நிலையில் ஒரு சோதனை உண்டு. ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம்) தரமான ஏ3/பி4 என்று போட்ட 5டபிள்யூ-30 அதில் குறைந்தது 3.5 எடுக்க வேண்டும், ஏ5/பி5 போட்ட 5டபிள்யூ-30-க்கு 2.9 போதும். முன்பக்கம் இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேனுவலில் போர்ஷே ஏ40, ஃபோக்ஸ்வேகன் 502 00 என்று அப்ரூவல் எண் கொடுத்திருந்தால், பாட்டிலின் பின்னால் அதே எண் இருக்கிறதா பாருங்கள். "பொருந்தும்" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கடைசியாக: மாற்றியபின் பார்க்க வேண்டியவை

ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின், ஒரே ஆர்பிஎம்மில், ஒரே ஆயில் சூட்டில் பிரஷரைக் குறித்து வையுங்கள். ஆறிய இன்ஜினில் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். மாதம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜினை வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். வாடை பலமாக அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ நீங்கள் ஊற்றிய 30 இப்போது 30 ஆக இல்லை, கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

நண்பன் இப்போது மூடியில் போட்டிருந்த 5டபிள்யூ-20-லேயே ஓட்டுகிறான். ட்ராக்கில் மூன்று சுற்று, அப்புறம் ஒரு சுற்று மெதுவாக, 127 திரும்ப வரவில்லை. அந்த 20டபிள்யூ-50 கேன்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, மெக்கானிக் பாதி விலைக்கு வாங்கித் தன் புல்லட்டுக்கு ஊற்றிக்கொண்டார்.