பிள்ளையார் நோன்புக்கு வருகிறவர்கள் நாரைக்கும் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் டிக்கெட் விலையையும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள். பறவை பார்க்கும் ஆசை இருந்தால் அந்தக் கணக்கு உதவாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத செம்மண் பூமி இது. பறவைக் கூட்டம் கண்மாய்த் தண்ணீரை நம்பி வருகிறது; கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் டிசம்பரில் வந்து நின்றாலும் காய்ந்த கரையைத்தான் பார்ப்பீர்கள்.

அதனால் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குப் போன் செய்யும்போது, "மழை எப்படி?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "ஏதோ பெய்கிறது" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "ஐயா, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்துவிட்டதா?" என்று கேளுங்கள். நிறைந்த கண்மாயிலிருந்து உபரித் தண்ணீர் வெளியேறுவதுதான் மறுகால். பாய்ந்துவிட்டது என்று பதில் வந்தால் தை முடியும்வரை கவலையில்லை, துணிந்து புறப்படலாம். பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடாமல் மார்கழிக்குள் வந்துவிடுவது நல்லது.

நகரத்தார் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி வரும் பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் டிசம்பர் நடுவுக்கும் ஜனவரித் தொடக்கத்துக்கும் இடையில் விழுகிறது. நீர்ப்பறவைகள் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, இரை சுமந்து அலைகிற காலமும் அதுவே. இழை எடுத்துக்கொள்ள, அதாவது நோன்பன்று எரியும் நூல்திரியை மாவோடு வாயில் போட்டுக்கொள்ளும் சடங்குக்கு, வருகிறவர்கள் மறுநாள் விடிகாலையில் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போய் வரலாம்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசு ஏட்டில் இருப்பது அந்த இடம்தான். 1977-இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து 38 ஹெக்டேர் சொச்சம்தான். வேடந்தாங்கல் போல நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது சிறிய இடம், கூட்டமும் குறைவு. எனக்கு இதுதான் பிடிக்கும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் போய், அங்கிருந்து மேலூர், மதுரை செல்லும் திசையில் போக வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே திருப்பத்தூர் என்று தேடுகிறவர்கள் கவனிக்கவும்: வாணியம்பாடிப் பக்கம் அதே பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் என்று சேர்த்துத் தேடுங்கள். மதுரை பஸ்கள் எல்லாமே கொள்ளுகுடிப்பட்டியில் நிற்பதில்லை. ஏறும் முன்பே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூரியன் எழும்போது கரையில் நிற்க விரும்புகிறவர்களுக்கு வாடகைக் கார்தான் சரி. பொங்கலை ஒட்டி வருகிறவர்கள் சிறாவயல் மஞ்சுவிரட்டு எந்த நாள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று காரைக்குடி–திருப்பத்தூர் சாலையை நம்ப முடியாது.

அங்கே நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மற்ற நாரைகளுக்கு அலகு மூடினால் மூடியதுதான். இதற்கு மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும், அந்தப் பக்கத்து வானம் தெரிகிற அளவுக்கு. குஞ்சின் அலகில் இந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் விழும். ஒரே கூட்டில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கும்போது இது பளிச்சென்று தெரியும். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை இறக்கையை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும். கைப்பேசிக் கேமராவில் இதெல்லாம் வராது. 8×42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) ஒரு பைனாகுலர் கொண்டுவாருங்கள். வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய இந்தியாவில் 2022 முதல் தடை இருக்கிறது. ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். கூட்டுக்கு மேல் அதைப் பறக்கவிட்டால் பறவை கூட்டை விட்டே கிளம்பிவிடும்.

நத்தைகுத்தியோடு மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், கொக்கு வகைகள் எல்லாம் மழையைப் பொறுத்து வரும். கரையிலிருந்தே பாருங்கள். தண்ணீருக்குள் இறங்குவது, மரத்தடிக்குப் போவது, கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பிப் படமெடுப்பது எதுவும் வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. பல தலைமுறையாக இருந்துவரும் கட்டுப்பாடு இது. இதற்காக வனத்துறை இனிப்பு வழங்குவதும் உண்டு. அப்படிப்பட்ட ஊருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு கார் நுழைவது நன்றாகவா இருக்கிறது?

பருவம் மாறுவதைப் பார்க்கச் சரணாலயம்தான் போக வேண்டும் என்றில்லை. ஆவணி, புரட்டாசியில் வருகிறவர்கள் மின்கம்பிகளை அண்ணாந்து பார்த்தால் போதும். வடக்கேயிருந்து தகைவிலான்கள் வந்து வரிசையாக உட்காரத் தொடங்கியிருக்கும். வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிகளும் அப்போதே வந்துவிடும். முதல் மழைக்குப் பின் உழவு தொடங்கினால் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டும்; புரண்ட மண்ணிலிருந்து கிளம்பும் பூச்சிகளுக்காக. சாயங்காலம் அவை கூட்டமாகத் திரும்பும் திசையைக் கவனித்தால் அவை அடையும் ஊரணிக்கரை மரம் எது என்று தெரிந்துவிடும்.

புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும், பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கிறவர்களுக்கு ஒரு விருந்தாளி காத்திருக்கலாம். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கங்களில் கூடு வைத்துவிட்டு இரவில் பறந்து தெற்கே வருகிறது. களைத்துப்போய் முற்றத்திலோ வளவிலோ விழுந்து கிடப்பதுண்டு. பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று பல நிறத்தில் இருப்பதால் யாரோ வளர்த்த பறவை தப்பிவிட்டது என்று நினைத்துக் கூண்டு தேட வேண்டாம். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, பூனை அண்டாத அமைதியான மூலையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் செடிகொடி அடர்ந்த தோட்டத்தில் விட்டால் போய்விடும். பிறகு காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி அதன் சீழ்க்கை கேட்கிறதா என்று பாருங்கள்.

பொங்கலுக்கு ஊரில் இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவே. வீட்டு மாடியிலிருந்தும் செய்யலாம். பிள்ளைகளை இதில் இறக்கிவிடுங்கள். கைப்பேசியை அவர்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டியதும் இல்லை.

மாசி, பங்குனியில் கண்மாய் வற்றும், நீர்ப்பறவைகள் கலையும். அந்தச் சமயத்தில் சாயங்கால வானத்தைப் பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் சூறைக்குருவிகள், திரும்பிப் போகும் முன் கூட்டம் கூட்டமாகச் சேரும். தலையும் இறக்கையும் கருப்பு, உடம்பு வெளிர் ரோஜா நிறம். இருட்டுவதற்கு முன் சீமைக்கருவேலங்காட்டுக்கு மேல் ஒன்றாகச் சுழன்று, புகை மாதிரி விரிந்து சுருங்கி, சட்டென்று உள்ளே இறங்கிவிடும். இறங்கியபின் எழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சித்திரையில் அவையும் கிளம்பிவிடும்.

ஜூன் விடுமுறையில்தான் வர முடியும் என்கிறவர்களுக்குப் பெரிய கூட்டங்களை என்னால் காட்ட முடியாது. மயில் இருக்கிறது, பனை மரத்தைச் சுற்றிப் பனை உழவாரன்கள் இருக்கின்றன. அடுத்த முறை நோன்பை ஒட்டி வர எண்ணினால் சென்னை–காரைக்குடி பல்லவன் ரயிலில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். அல்லது நேரே திருச்சிக்கோ மதுரைக்கோ விமானத்தில் இறங்கிக் காரில் வாருங்கள். மதுரையில் இறங்குகிறவர்களுக்குக் கொள்ளுகுடிப்பட்டி வழியிலேயே இருக்கிறது. காலை விமானமாக இருந்தால் வீட்டுக்குப் போகும் முன்பே கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகலாம். ஆச்சியிடம் மட்டும் தாமதமாகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பணியாரத்தை ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.