சமோவா மாமாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

என் மாமனார் பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்தவர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அவர் இறந்தபோது, இறுதி வழிபாட்டில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதானே எழுதுகிறவள்" என்றார் மூத்த நாத்தனார். 'அன்பான தந்தை, கடின உழைப்பாளி' என்று யாருக்கும் பொருந்தும் ஒரு பக்கத்தை எழுதிக் கிழித்துப் போட்டேன். அப்புறம் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். சமோவ மொழியில் 'தம' என்றால் பையன், 'தமா' என்றால் அப்பா. ஒரு துணைக்காலை விட்டால் அப்பா பையனாகிவிடுவார். ஆங்கில எழுத்தில் 'ஜி' (g) என்று எழுதியிருப்பதை 'ங' என்றே வாசிக்க வேண்டும். குடும்பத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஐங்கா'. நம் இனிஷியல் போல, பலருக்கு அப்பாவின் பெயரே கடைசிப் பெயராக இருக்கும். அதனால் சித்தப்பா பிள்ளைகளின் கடைசிப் பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். மதாய் பட்டம், அதாவது குடும்பத் தலைவர் பட்டம் இருந்ததா, எந்த ஊர்ப் பட்டம் என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். இதை நான் விட்டுவிட்டேன். சமோவாவின் சவாயி தீவிலிருந்து வந்த பெரியப்பா முகம் சுருங்கியதைப் பார்த்தபின்தான் சேர்த்தேன்.

தேதி தெரியாவிட்டால் நாட்டு நடப்பைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். 1962 ஜனவரி 1 அன்று சுதந்திரம் வந்தபோது எந்த வகுப்பில் இருந்தார்? பழைய பாஸ்போர்ட்டில் 'மேற்கு சமோவா' என்றிருந்தால் அது பிழையல்ல. 1997 வரை நாட்டின் பெயர் அதுதான்.

எழுபதுகளைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். விசா காலம் முடிந்தவர்களைத் தேடி நியூசிலாந்து போலீஸ் விடிகாலையில் பசிபிக் தீவுக்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டிய காலம் அது. 1976இல் தெருவில் நிறுத்தியும் கேட்டார்கள். "அப்போது கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்டால் "கடவுள் பார்த்துக்கொண்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் அத்தையிடம், "மாமா பாஸ்போர்ட்டை எங்கே வைத்திருப்பார்?" என்று கேட்டேன். "சாப்பாட்டுப் பையில், ரொட்டிக்கு அடியில்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். 2021 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் சமோவ முறைப்படி நுண்பாயால், அதாவது மெல்லிதாகப் பின்னிய பாயால், போர்த்தப்பட்டு, அந்தச் சோதனைகளுக்காக மன்னிப்புக் கேட்டதை மாமா தொலைக்காட்சியில் பார்த்தார். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதையும் அப்படியே எழுதினேன், விளக்கம் சேர்க்கவில்லை.

இனி முக்கியமான இடம்: பணம் எங்கே போனது என்று பாருங்கள். மாமாவின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள். தங்கையின் பள்ளிக் கட்டணம், கோயில் கூரை, யாரோ ஒருவரின் சாவு, 2009 செப்டம்பர் சுனாமிக்குப் பிறகு ஒரே வாரத்தில் மூன்று. இரவு ஷிப்ட் சம்பளம்தான் அத்தனையும். என் கணவருக்குச் சின்ன வயதில் இதில் கோபம் உண்டு. கிழிந்த ஷூவோடு பள்ளிக்குப் போனவர் அவர். இந்தக் கோபத்தை மறைக்காதீர்கள். ஆனால் 'தௌதுவா' என்ற சொல்லையும் பக்கத்தில் வையுங்கள். சேவை என்று பொருள். தலைமைக்குப் போகும் வழி சேவைதான் என்பது அவர்கள் பழமொழி. மாமாவுக்குப் பட்டம் வந்த வழியும் அந்த டப்பாவுக்குள் இருந்தது.

பேரப்பிள்ளைகளைக் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள், முதல் பிள்ளை சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவை 'பாப்பா' என்பார்கள். எழுபது தாண்டிய பாப்பா என்று என் அம்மா சிரிப்பார். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, பிள்ளைகள் வெள்ளை உடுத்தி தேவாலயத்தில் வசனம் ஒப்பிக்கும் நாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து பாப்பா ஒவ்வொரு வரிக்கும் வாயசைப்பாராம். நான்கு பேரும் தனித்தனியே அதைத்தான் சொன்னார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், பாட்டும் பேச்சும் வேறு நிறைய இருக்கும். முந்தின நாள் இறந்தவரின் துணைவியிடம் வாசித்துக் காட்டுங்கள். அத்தை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அடியில் இல்லை, ரொட்டிக்கு மேலே. கேட்டவுடன் எடுக்க வேண்டுமே."