குளிர்காற்று அடிக்கும் வடக்குத் தோட்டத்தில் பேரி மரம்: முதல் முறை வைப்பவர்களுக்கு

ஸ்காட்லாந்திலோ இங்கிலாந்தின் வடக்கிலோ தோட்டம் வைத்திருந்தால், "இங்கே பேரி காய்க்காது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இலையுதிர்த்து நிற்கும் மரம் கடும் பனியையும் தாங்கிவிடும். ஆபத்து பூவுக்குத்தான். ஆப்பிளுக்கு முன்பே பேரி பூத்துவிடும். மைனஸ் 2 டிகிரி அளவுக்கு இறங்கினாலே விரிந்த பூ கருகத் தொடங்கும். கீழே உள்ள வேலைகளில் பாதி அந்தப் பூவைக் காப்பாற்றத்தான்.

1. இடம். தெற்கு அல்லது மேற்கு பார்த்த சுவர்தான் முதல் தேர்வு. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் மெல்லக் கொடுக்கும். கிழக்குச் சுவர் வேண்டாம். உறைந்த பூவின் மேல் காலை வெயில் சட்டென்று விழுந்தால் சேதம் கூடும். சரிவின் அடிவாரமும் வேண்டாம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி இறங்கி அங்கேதான் தேங்கும். திறந்த வெளிதான் இருக்கிறது என்றால் முதலில் உயிர்வேலி வையுங்கள். பலகை அடைப்பில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்றடிக்கும். உயிர்வேலி அதை வடிகட்டி அனுப்பும். காற்று ஓய்ந்தால்தான் தேனீயும் வரும்.

2. ரகம். ஒரே ஒரு மரம்தான் என்றால் 'கான்ஃபரன்ஸ்'. மகரந்தம் தரத் துணை மரம் இல்லாமலும் ஓரளவு காய்க்கும். அப்படிக் காய்ப்பவை சில சமயம் கோணலாக நீண்டிருக்கும், சுவையில் குறை இல்லை. யார்க்ஷயரின் ஹெஸ்ல் ஊர்ப் பெயர் கொண்ட 'ஹெஸ்ல்' சின்னப் பழம், ஆனால் கெட்டி மரம். 'ஜார்கனெல்' மரமும் குளிர் தாங்கும். அதன் மகரந்தம் மட்டும் மற்ற மரங்களுக்கு உதவாது. 'கொமிஸ்' பழத்தின் சுவைக்கு ஈடில்லை, ஆனால் வெதுவெதுப்பு கேட்கும். முதல் மரமாக அதை வாங்காதீர்கள். எந்த ரகமானாலும் 'குயின்ஸ் ஏ' என்ற, வளர்ச்சியை அடக்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றாகக் கேளுங்கள். மரம் மிகப் பெரிதாகாமல் நிற்கும்.

3. நடுதல். நவம்பர் முதல் மார்ச் வரை, மண் உறையாமலும் நீர் தேங்காமலும் இருக்கும் நாளில். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் மேல்தண்டே வேர்விட்டு மரம் தாறுமாறாக வளரும். சுவரில் சுமார் 40 செ.மீ. இடைவெளியில் கம்பிகள் இழுத்து, கிளைகளைப் படுக்கையாகக் கட்டுங்கள்.

4. பூக்கும் வாரங்கள். வானிலை அறிக்கையில் உறைபனி என்று வந்தால் மாலையிலேயே ஃபிளீஸ் துணியை (செடிகளைக் குளிரிலிருந்து காக்கும் மெல்லிய துணி) பூவில் படாமல் மூடுங்கள். காலையில் எடுக்க மறக்காதீர்கள். தேனீ நுழைய வழியில்லாமல் மூடியே வைத்துவிட்டு "பூத்தது, காய்க்கவில்லை" என்று வருந்துபவர்கள் நிறைய.

5. கவாத்து. கோடை முடிவில், பக்கவாட்டில் நீண்ட புதுத் தளிர்களை மூன்று இலை விட்டு வெட்டினால் போதும்.

6. பறிப்பது. மரத்திலேயே பழுக்க விட்டால் பேரி உள்ளிருந்து அழுகும். காயை உள்ளங்கையில் ஏந்திக் கிடையாகத் தூக்குங்கள். காம்பு தானாகக் கழன்றால் பதம். பறிக்கும்போது காய் கெட்டியாகவே இருக்கும். வீட்டுக்குள் வைத்து, காம்பருகே கட்டைவிரலால் அழுத்தும்போது லேசாக அமுங்கினால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.